அமெரிக்காவிலிருந்து வந்த போன் நம் ஊர் சிம்மை ஏற்க மறுப்பது ஏன்?

கடையநல்லூர் வாசகரின் கேள்வி, 9 ஜூன் 2024

அண்ணாச்சி, நியூ ஜெர்சியில் இருக்கும் என் மச்சான், தான் பயன்படுத்தி வந்த ஐபோன் 13-ஐக் கல்லூரியில் சேரப்போகும் என் மகளுக்காகக் கொடுத்தனுப்பியிருக்கிறார். இரண்டு கம்பெனிகளின் சிம்மைப் போட்டுப் பார்த்துவிட்டோம். இரண்டுக்கும் 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்றே திரையில் வருகிறது. தென்காசியில் ஒரு கடைக்காரர் போர்டு போய்விட்டது என்றார். திருநெல்வேலி ஜங்ஷனில் இன்னொருவர் இது 'கம்பெனி லாக்', 4,000 ரூபாய் ஆகும் என்று சொல்லி 1,000 ரூபாய் முன்பணமும் வாங்கிக்கொண்டார். அமெரிக்காவில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய போன் இது. நம் நாட்டு சிம் கம்பெனிகள்தான் வெளிநாட்டுப் போன்களைத் தடுக்கின்றன என்பது என் எண்ணம். சரிதானா?

9 ஜூன் 2024, இரவு

சரியில்லை. நம் கம்பெனிகள் எதையும் தடுக்கவில்லை, போர்டும் போகவில்லை. உங்கள் சிம்மை நெட்வொர்க்கிடம் கொண்டுபோய்க் காட்டுவதற்கு முன்பே போன் அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

ஒவ்வொரு சிம்மிலும் 15 இலக்கம் வரை கொண்ட சந்தாதாரர் எண் ஒன்று பதிந்திருக்கும். நாம் பேசப் பயன்படுத்தும் பத்து இலக்க எண் வேறு, இது வேறு. இதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405 என்றும், அமெரிக்காவுக்கு 310 முதல் 316 வரையிலும் உண்டு. அடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் கம்பெனியைக் குறிக்கும். போனை உயிர்ப்பித்தவுடன் அதில் நெட்வொர்க்கோடு பேசும் பகுதியான மோடம் இந்த எண்ணைப் படித்து, தனக்குள் பாதுகாப்பாக எழுதி வைக்கப்பட்டிருக்கும் அனுமதியோடு ஒப்பிடும். பூட்டில்லாத போனில் எந்த எண்ணும் செல்லும். பூட்டிய போனில் குறிப்பிட்ட கம்பெனியின் எண் இருந்தால் மட்டும் மேலே போகும். இல்லையென்றால் அவசர அழைப்பைத் தவிர எதற்கும் கோபுரத்தைத் தொடாது.

மச்சானிடம் ஒன்று கேளுங்கள்: இந்தப் போனை முழுப் பணம் கொடுத்து வாங்கினாரா, தவணையில் வாங்கினாரா? தவணை என்றால் அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டுத் திறப்புக் குறியீட்டை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை ஜங்ஷன் கடைக்காரரைப் போனில் கை வைக்க விடாதீர்கள்.

10 ஜூன் 2024

தவணை என்று எழுதியதற்கு விளக்கம் வேண்டுமென்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பெரும்பாலோர் போனைக் கடையில் தனியாக வாங்குவதில்லை. சேவை தரும் கம்பெனியிடமே 24 அல்லது 36 மாதத் தவணையில் வாங்குகிறார்கள். மாதக் கட்டணத்தோடு போனின் விலையும் சேர்ந்து வரும். பாதியிலேயே வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் மீதித் தொகை என்னாகும் என்ற பயம்தான் பூட்டுக்குக் காரணம். அங்குள்ள பெரிய கம்பெனிகளில் வெரைசன், 2024இல், தன் போன்களை 60 நாள் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு தானாகவே திறந்துவிட்டது. ஏடி அண்ட் டி கம்பெனியில் 60 நாள் பயன்பாடும் முழுத் தொகையும் முடிந்திருக்க வேண்டும். டி-மொபைலில் 40 நாள் பயன்பாடும் முழுத் தொகையும்.

நம் பக்கத்தில் மாட்டைத் தவணைக்கு விற்றவர் கடைசித் தவணை வரும்வரை மூக்கணாங்கயிற்றைத் தன் கையிலேயே வைத்திருப்பாரா? மாட்டைக் கொடுத்துவிடுவார், கடனைத் தனியாகக் கேட்பார். இங்கே பொருளும் கொடுக்கப்படுகிறது, கயிறும் விடப்படுவதில்லை. கடனுக்குப் பிணை கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பிணை, போனைக் கைமாற்றிப் பெறுகிற மூன்றாமவருக்குத் தெரியாமல் போனுக்குள்ளேயே ஒளிந்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பெட்டியின் மேலும் எழுதுவதில்லை, போனின் முதுகிலும் எழுதுவதில்லை.

11 ஜூன் 2024

திருத்தம். இரண்டு நாட்களுக்கு முன் 'திறப்புக் குறியீட்டை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தேன். மச்சான் கேட்டதற்கு, அப்படி ஒரு குறியீடே கிடையாது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது சரி. பழைய போன்களின் பழக்கத்தில் நான் எழுதியது தவறு.

ஐபோனில் பூட்டு ஆப்பிள் நிறுவனத்தின் செயலாக்க சர்வரில் பதிவாகியிருக்கிறது. சேவை தரும் கம்பெனி 'இந்த ஐஎம்இஐ எண்ணைத் (ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்) திறக்கலாம்' என்று ஆப்பிளுக்குத் தெரிவிக்கும். அங்கே பதிவு மாறும். வேறு கம்பெனியின் சிம்மோடு போன் வைஃபையில் சேரும்போது புதிய அனுமதி இறங்கும். எட்டிலிருந்து பதினாறு இலக்கம் வரை எண் தட்டித் திறப்பதெல்லாம் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் பழைய பட்டன் போன்களிலும்தான். அவற்றில் வேறு சிம்மைப் போட்டவுடன் 'சிம் நெட்வொர்க் அன்லாக் பின்' என்று ஒரு கட்டம் தோன்றும். ஐபோனில் அந்தக் கட்டமே தோன்றாது.

ஆகவே, 'உங்கள் ஐபோனுக்கு அன்லாக் கோட் (திறப்புக் குறியீடு) வாங்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

14 ஜூன் 2024

குறியீட்டைப் பற்றி எழுதியதும் வண்ணார்பேட்டைக் கடையில் நான் வேலை கற்றுக்கொண்ட நாட்கள் நினைவுக்கு வந்துவிட்டன. 2005இல் சேர்ந்தேன். அப்போது வளைகுடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த நோக்கியா போன்களை மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கத்து வாடிக்கையாளர்கள் கொண்டுவருவார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்தவற்றில் பல பூட்டியிருக்கும். போனின் ஐஎம்இஐ எண்ணையும் கம்பெனியின் எண்ணையும் கணினியில் ஒரு சிறு நிரலுக்குக் கொடுத்தால் குறியீடு வந்து விழும். அந்தப் பழைய போன்களில் அந்த இரண்டு எண்களிலிருந்தே கணக்குப் போட்டுக் குறியீட்டை உருவாக்கியிருந்தார்கள்; கணக்கு வெளியே தெரிந்ததும் பூட்டு பூட்டாக இல்லாமல் போயிற்று. பிறகு வந்த போன்களில் குறியீடு எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாத எண்ணாகி, கம்பெனியின் பட்டியலில் மட்டும் இருந்தது.

குறியீட்டைத் தட்டும் முறையும் எளிதல்ல. நட்சத்திரப் பொத்தானை இரண்டு முறை விரைந்து அழுத்தினால் கூட்டல் குறி, மூன்று முறை அழுத்தினால் 'பி', நான்கு முறை அழுத்தினால் 'டபிள்யூ' வரும். கை சற்றுத் தடுமாறினாலும் தவறான குறியீடாகிவிடும். ஐந்து முறை தவறினால் அந்தப் போன் இனி எந்தக் குறியீட்டையும் ஏற்காது. என் முதல் ஆண்டிலேயே அம்பாசமுத்திரத்து வாடிக்கையாளர் ஒருவரின் போனை இப்படி ஐந்து வாய்ப்பையும் தீர்த்து முடக்கினேன். குறியீடு சரியானதுதான், அவசரப்பட்டவன் நான். முதலாளி என் சம்பளத்தில் பிடித்து அவருக்கு வேறு போன் வாங்கிக் கொடுத்தார். அன்று முதல் எந்தப் போனிலும் முதல் முறை தவறினால் இரண்டாம் முறை முயல்வதில்லை. கீழே வைத்துவிட்டு ஏன் தவறியது என்று பார்ப்பேன்.

15 ஜூன் 2024

பூட்டு ஒரே மாதிரியானதல்ல என்பதையும் நேற்றே எழுதியிருக்க வேண்டும். சிம் போடும் போன்களுக்கான ஜிஎஸ்எம் விதிமுறையில் ஐந்து நிலைகள் உண்டு. நெட்வொர்க் முழுவதற்குமான பூட்டு, அந்த நெட்வொர்க்கின் ஒரு பகுதிக்கான பூட்டு, அதே கோபுரங்களை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறு கம்பெனிக்கான பூட்டு, ஓர் அலுவலகத்துக்கு மட்டுமான பூட்டு, ஒரே ஒரு சிம்முக்கு மட்டுமான பூட்டு. 'அதே கம்பெனியின் டவர்தான், ஆனாலும் சிம் ஏறவில்லை' என்று வருபவர்களின் போன் பெரும்பாலும் மூன்றாவது வகையைச் சேர்ந்ததாக இருக்கும்.

19 ஜூன் 2024

நண்பர் ஒருவர், 'நம் நாட்டில் இந்தத் தொல்லை என்றுமே இருந்ததில்லை, நாம் கொடுத்து வைத்தவர்கள்' என்று எழுதியிருந்ததற்கு ஆமாம் என்று பதில் போட்டுவிட்டேன். இரவெல்லாம் யோசித்ததில் அந்த ஆமாம் தவறு என்று தோன்றுகிறது.

2003இல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குப் போன் கொடுத்தபோது ஊரே வாங்கியது நினைவிருக்கும். அவை சிடிஎம்ஏ தொழில்நுட்பப் போன்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு சிம் தட்டே கிடையாது. எண்ணை போனுக்குள்ளேயே எழுதிக் கொடுத்தார்கள். சிம்மே இல்லாத போனில் சிம்மை மாற்றும் பேச்சு எங்கிருந்து வரும்? பூட்டு என்ற பெயரில்லாமலேயே அது முழுமையான பூட்டாக இருந்தது.

2008 ஆகஸ்ட் 22 அன்று ஐபோன் 3ஜி ஏர்டெல், வோடபோன் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. 8 ஜிபி போனின் விலை 31,000 ரூபாய். தவணையுமில்லை, தள்ளுபடியுமில்லை, முழு விலையையும் கொடுத்தவருக்கும் பூட்டிய போன்தான் கிடைத்தது. மேலே நான் சொன்ன பிணைக் காரணம் இங்கே பொருந்தவே இல்லை. வாடிக்கையாளரை நிறுத்தி வைப்பதற்காக மட்டும் போட்ட பூட்டு என்றால் அது இதுதான்.

2017இல் வந்த ஜியோபோன் அறிவிப்போடு வந்த பூட்டு. 1,500 ரூபாய் வைப்புத்தொகை, மூன்றாண்டு கழித்துத் திருப்பித் தரப்படும், ஜியோ சிம் மட்டுமே ஏறும் என்பதை வெளிப்படையாகச் சொன்னார்கள். வாங்கியவர் தெரிந்தே வாங்கினார். எனக்கு அதில் பெரிய மனக்குறை இல்லை.

இவற்றைத் தவிர நம் சந்தையில் போன் தனி, சிம் தனி என்பதே வழக்கமாக நிலைத்தது. அதன் அருமை 2018 பிப்ரவரியில் ஏர்செல் சரிந்தபோது தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது ஏர்செல் வைத்திருந்த காலம் அது. ஒரே வாரத்தில் சிக்னல் போய், 1900 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதற்காகச் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி மக்கள் மொட்டை மாடிகளில் நின்றார்கள். எண்ணை மாற்றாமலேயே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரி 20 முதலே நாடு முழுவதும் இருந்தது. அந்த வாரம் எங்கள் கடை வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருவர்கூடப் புதுப் போன் வாங்க வரவில்லை. எல்லோரும் சிம்மை மட்டும் மாற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் போன்கள் எல்லாம் ஏர்செல்லுக்கே பூட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

23 ஜூன் 2024

ஜங்ஷன் கடைக்காரர் 4,000 ரூபாய்க்கு என்ன செய்யப்போகிறார் என்று கடையநல்லூர்க்காரர் விசாரித்து எழுதியிருக்கிறார். நான் எதிர்பார்த்ததுதான்: சிம்முக்கும் தட்டுக்கும் நடுவே வைக்கும் காகிதம் போன்ற மெல்லிய சில்லு. கடைகளில் இதை 'ஆர்-சிம்' என்பார்கள். மோடம் சிம்மின் எண்ணைக் கேட்கும்போது இந்தச் சில்லு குறுக்கே புகுந்து, பூட்டுக்குப் பிடித்தமான அமெரிக்க எண்ணைச் சொல்லும். பூட்டு ஏமாந்ததும் உண்மையான எண்ணை நெட்வொர்க்குக்கு விட்டுவிடும். பூட்டு திறக்கப்படுவதில்லை; காவல்காரனிடம் பொய்ச் சீட்டைக் காட்டி உள்ளே போவதுபோல்தான்.

இதைத் தவறு என்று சொல்லும் தகுதி எனக்கு உண்டு, ஏனென்றால் நானே இதைச் செய்திருக்கிறேன். 2011இல் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். அமெரிக்காவிலிருந்த மகன் அனுப்பிய ஐபோன் 4. மனைவி இறந்து அவர் தனியாக இருந்த வீடு. மகனோடு பேசுவதற்கென்றே வந்த போன். அப்போது கிடைத்த சில்லை வாங்கிப் பொருத்தினேன். அந்தச் சில்லு வேலை செய்ய, போனை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் 112ஐ அழைத்து இரண்டொரு நொடியில் துண்டிக்க வேண்டும். அவசர எண்ணை இப்படிப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவர் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு போனார்.

நான்கு மாதம் ஓடியது. பிறகு விடுமுறைக்கு வந்த உறவுக்காரப் பையன் ஒருவன் போனின் மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறான். மோடத்தின் மென்பொருளும் சேர்ந்து புதிதாகி, பொய்ச் சீட்டு செல்லாமல் போய்விட்டது. புதுப்பித்த மோடத்தைப் பழையபடி ஆக்கவும் வழியில்லை. அவர் பேருந்து ஏறி வந்து, "தம்பி, பத்து நாளா அவன் குரலைக் கேக்கல" என்றார். கடையிலிருந்த பழைய நோக்கியா ஒன்றில் அவருடைய சிம்மைப் போட்டுக் கொடுத்து அங்கேயே மகனை அழைக்க வைத்தேன். அழைப்பு கிடைத்தது. ஆனால் மகன் ஆசையாக அனுப்பிய போனை அவர் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனதை மறக்க முடியவில்லை. அந்தச் சில்லுகளை நான் அதன்பிறகு வாங்கவில்லை.

24 ஜூன் 2024

நேற்று எழுதியதில் ஒன்று விடுபட்டது. அந்த ஆசிரியரின் போனைச் சரியான வழியில் திறக்க அன்றே வழியிருந்ததா என்று ஒருவர் கேட்கிறார். ஏடி அண்ட் டி தன் ஐபோன்களைத் திறந்து கொடுக்கத் தொடங்கியது 2012 ஏப்ரலில்தான். அவர் வந்தது அதற்கு முந்தைய ஆண்டு. ஆனால் அடுத்த ஆண்டு அந்த வழி பிறந்தபோது நான் அவரைத் தேடிப் போய்ச் சொல்லவில்லை. முகவரி என்னிடம் இருந்தது.

2 ஜூலை 2024

திறப்பது சட்டப்படி குற்றமா என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருப்பதால் அமெரிக்க நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே பதிப்புரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவு மென்பொருள் பூட்டை உடைப்பதைத் தடை செய்கிறது. 2006 முதல் கைப்பேசிக்கு விலக்கு இருந்தது. 2012இல் அந்த விலக்கை நீட்டிக்க மறுத்து, 2013 ஜனவரி 26க்குப் பிறகு வாங்கும் போன்களைக் கம்பெனியின் அனுமதியின்றித் திறக்கக் கூடாது என்றார்கள். வெள்ளை மாளிகைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனு அனுப்பினார்கள். 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் விலக்கைத் திரும்பக் கொடுத்தது. தன் போனைத் தானே திறந்துகொள்ள ஒரு நாட்டின் மக்கள் நாடாளுமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

உறவினர் வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு: கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் பூட்டிய போனை விற்கக் கூடாது. ஜப்பானில் 2021 அக்டோபர் 1 முதலும், பிரிட்டனில் 2021 டிசம்பர் 17 முதலும் அதே தடை. அதற்குப் பிறகு அங்கே புதிதாக வாங்கியது என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

8 ஜூலை 2024

துபாயில் வாங்கிய சாம்சங் போனைப் பற்றி மேலப்பாளையத்து வாசகர் கேட்டது வேறு சங்கதி. அது கம்பெனிப் பூட்டு அல்ல, வட்டாரப் பூட்டு. 2013இல் நோட் 3 வந்தபோது தொடங்கியது. வாங்கிய வட்டாரத்து சிம்மைப் போட்டு ஐந்து நிமிடமாவது பேசிய பிறகே பிற நாட்டு சிம் ஏறும். பெட்டியின் மேல் ஒட்டுத்தாளில் எழுதியிருப்பார்கள். விமானம் ஏறுவதற்கு முன் அங்கேயே ஓர் அழைப்பைப் பேசி முடித்துவிட்டால் போதும். பெட்டியைப் பிரிக்காமல் புத்தம் புதிதாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்ற ஆசைதான் இங்கே சிக்கலாகிவிடுகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். திருட்டுப் போனென்று ஐஎம்இஐ முடக்கப்பட்டிருப்பதும் பூட்டும் ஒன்றல்ல. *#06# தட்டி அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, கேஒய்எம் என்ற ஆங்கில எழுத்துகளோடு 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போனின் விவரம் வரும். பழைய போன் வாங்கும் எவரும் பணத்தை எண்ணுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

21 ஜூலை 2024

அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 18ஆம் தேதி ஒரு முன்மொழிவைக் கருத்துக் கேட்புக்கு வைத்திருக்கிறது. எல்லாக் கம்பெனிகளும் 60 நாளில் போனைத் திறந்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். நிறைவேறினால் நம் ஊருக்கு வரும் பெட்டிகளில் பாதித் தொல்லை குறையும். இப்போதைக்கு இது முன்மொழிவு மட்டுமே. இதை நம்பி யாரும் பூட்டிய போனை வாங்க வேண்டாம்.

4 ஆகஸ்ட் 2024

கடையநல்லூர்க்காரர் போனோடு நேரிலேயே பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டார். மச்சானின் கணக்கில் பதினான்கு தவணை பாக்கி இருந்திருக்கிறது. மச்சான் தன் தங்கைக்கு இந்த விவரத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு மூன்று வாரம் பேசாமலேயே இருந்திருக்கிறார். எல்லோரும் கலந்து பேசி, பாதியை இவர் அனுப்ப, மீதியை அவர் போட்டு, ஒரே தொகையாகக் கட்டி முடித்தார்கள். கட்டிய இரண்டாம் நாள் திறப்புக்கு விண்ணப்பம், அதிலிருந்து இரண்டு நாளில் ஒப்புதல்.

கடையில் வைஃபையில் சேர்த்து, மகளுக்கு வாங்கிய சிம்மைப் போட்டோம். செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபௌட், கீழே போனால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி. அதில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று வந்திருந்தது. வெளிநாட்டுப் போன் கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டிய வரி இதுதான். அனுப்புகிறவரை அங்கேயே இதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம். முதல் அழைப்பு நியூ ஜெர்சிக்குத்தான் போனது. அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தும் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

ஜங்ஷன் கடைக்காரர் முன்பணத்தில் 700 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாராம்.

5 ஆகஸ்ட் 2024

ஜூன் 10ஆம் தேதிக் குறிப்பில் எழுதிய 40 நாளும் 60 நாளும் மாத பில் கட்டும் இணைப்புகளுக்கு மட்டும் பொருந்தும். முன்பணம் கட்டிப் பேசும் ப்ரீபெய்டு இணைப்போடு வாங்கிய போன் என்றால் ஏடி அண்ட் டி ஆறு மாதமும், டி-மொபைல் ஓராண்டும் பயன்பாட்டைக் கேட்கின்றன. விலை மலிவாக இருக்கிறதே என்று அங்கே ப்ரீபெய்டு போனை வாங்கி உடனே ஊருக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த ஆறு மாதமும் ஓராண்டும் அங்கே அந்தக் கம்பெனியின் நெட்வொர்க்கில் ஓடிக் கழிய வேண்டியவை. இங்கே அலமாரியில் கிடந்து கழியும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது.